மாரிக்கு முன் வளவு

கல்லடி, ஆவணி

அன்பு மருமகளுக்கு,

மட்டக்களப்பில் வீட்டுத்தோட்டத்தின் ஆண்டு புரட்டாசியில்தான் தொடங்குகிறது. பள்ளிப் புத்தகம் வசந்தம் என்று சொல்லும் சித்திரையில் இங்கே மண் காயத் தொடங்கிவிடும். அதன் பிறகு ஆவணி வரை கச்சான் என்னும் வறண்ட காற்று. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்க்கிறது. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை லீவு கொடுக்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான், கச்சானுக்கு மட்டும் லீவு கிடையாது. தென்மேல் மழை பெய்யும் ஊருக்குப் பொருந்தும் நாட்காட்டி கிழக்குக் கரைக்குப் பொருந்தாது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை பெரும்பாலும் மணல். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கனத்த வயல் மண்ணுக்குக் கணக்கு வேறு. ஆவணி முடிவில் பூவரச மரத்தடி மணலில் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றினால், அது உடனே சுவறாமல் சேம்பிலையில் உருள்வதுபோல உருண்டு ஓடும். உக்கிய இலையின் மெழுகு மணலில் படிந்திருப்பதே காரணம். இந்த நிலையில் விதை போடக்கூடாது. முதலில் மண்ணைக் கொத்தி, நனைத்து, மாட்டெருவும் சருகும் கலந்து இரண்டு கிழமை ஆறவிட வேண்டும். உரப்பையில் வாங்கும் பசளையை மழைக்கு முன் போட்டால் முதல் வெள்ளமே அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழைதான் இந்த மணலுக்கு நம்பகமான பசளை.

அடுத்தது பாத்தி. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இதில்தான். காய்ந்த மணலைப் பார்த்துத் தண்ணீர் தங்கட்டும் என்று குழிப்பாத்தி போடுகிறார்கள். ஆனால் கார்த்திகையில் வாவி ஏறும். முகத்துவாரத்தில் மணல்மேடு உடைகிற வரை, அல்லது ஆற்றுவாய் வெட்டுகிற வரை, தாழ்ந்த வளவுகளில் நிலத்தடி நீரும் சேர்ந்து ஏறும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மூன்றடி அகலமும் ஒரு அடி உயரமுமாக மேட்டுப்பாத்தி போட்டு, பாத்திகளுக்கு இடையில் வடிகால் விட்டு, வடிகாலின் சரிவு எந்தப் பக்கம் என்பதை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்து வளவுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டால் தோட்டத்தோடு சண்டையும் முளைக்கும்.

கொச்சிக்காய், கத்தரி நாற்றுக்குப் புரட்டாசி முதல் கிழமை சரியான காலம். நாற்றுமேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சணமும் களை விதையும் அடங்கும். சாம்பல் ஆறியதும் வரிசையாக விதையைத் தூவி, மெல்ல மூடி, கிடுகு நிழல் கட்ட வேண்டும். எறும்பு விதையை இழுக்கும். ஓரத்தில் சாம்பல் தூவலாம். நாற்று ஏறக்குறைய ஒரு மாதத்தில் நடும் அளவுக்கு வந்துவிடும். அப்போது முதல் மழையும் விழுந்திருக்கும்.

அதுவரை தண்ணீர் கிணற்றிலிருந்துதான். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. கிணற்றை ஆழமாக்குவதோ, மோட்டர் போட்டு மணிக்கணக்கில் இறைப்பதோ அடியிலுள்ள உப்பை மேலே இழுத்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கெட்டுப்போன கிணறுகளைச் சுத்தமாக்கத் திரும்பத் திரும்ப இறைத்தபோதும் இதுவே நடந்தது. உப்பைக் கழுவி இறக்கியது மழைதான். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று வாளியால் அள்ளுவதே போதும். கொச்சிக்காய்க் கன்றின் இலையோரம் கருகினால் நோய் என்று மருந்து அடிப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மரங்களுக்கு வேலை குறைவு. முருங்கையை மாரிக்காற்று முறிக்கும் முன் நெஞ்சளவு உயரத்தில் வெட்டிவிடலாம்; வெட்டிய தடியை மேட்டில் ஊன்றினால் பிழைக்கும், தண்ணீர் நிற்கும் இடத்தில் அழுகும். தென்னைக்குச் சற்றுத் தள்ளிக் குழி வெட்டி, பொச்சுமட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடினால் அடுத்த கச்சானுக்கான ஈரம் அங்கே தங்கும். 1978 நவம்பர் சூறாவளியில் இந்தக் கரையின் தென்னைகள் அள்ளுப்பட்டுப் போயின. வீட்டின் பக்கம் சாய்ந்த பழைய மரம் இருந்தால் ஐப்பசிக்கு முன் அதை ஆள் வைத்துப் பார்ப்பது அவசியம்.

விதைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடத் தேவையில்லை. வெண்டியும் பயற்றையும் முதல் மழையோடு போடலாம். கீரையைக் கார்த்திகை மழை அடித்துச் சாய்த்துவிடும். பூசணிக் கொடியும் வெள்ளத்தில் அழுகும். இந்த இரண்டின் விதையையும் சாம்பலில் புரட்டி, போத்தலில் அடைத்து, தை வரும் வரை அடுப்படித் தட்டில் வைத்திருக்கலாம்.

இப்படிக்கு,
மாமா