ஸ்தோத்திரபலியும் நன்றியறிதலும்

தேவனுக்கு நன்றி செலுத்துதல் நிறைவுற்ற உள்ளத்தின் எழுச்சியேயன்றி வேறில்லை என்று நாம் எண்ணுவதுண்டு. அங்ஙனமாயின், நிறைவு நீங்கியவிடத்து நன்றியும் நீங்குதல் முறையாமன்றோ? இவ்வினாவுக்கு யூதரும் கிறிஸ்தவரும் தம் வழக்கத்தால் அளித்த விடையை ஈண்டு ஆராய்வோம்.

எபிரெய பாஷையில் நன்றியைக் குறிக்கும் 'தோதா' என்னுஞ் சொல், ஒப்புக்கொள்ளுதல் என்னும் பொருளும் உடைய வினையடியினின்று பிறந்தது. ஆகவே நன்றியாவது மகிழ்ச்சி மாத்திரமன்று. நாம் பெற்றது பிறிதொருவர் ஈந்தது என்று அறிக்கையிடுதலுமாம். லேவியராகமம் 7ஆம் அதிகாரம் விதிக்கும் ஸ்தோத்திரபலிக்கும் இதுவே பெயர். அப்பலியின் மாம்சத்தை மறுநாளைக்கு வையாது அன்றே உண்ணல் வேண்டும். அதனோடு 40 அப்பங்கள் படைக்கப்பட்டன என்றும், அவற்றுள் 4 ஆசாரியனுக்குரியன என்றும், கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா கூறும். எஞ்சிய 36 அப்பங்களை ஒருவன் தனித்து ஒரே நாளில் உண்ணல் இயலுமோ? உற்றாரையும் அயலாரையும் அழைத்தே தீரவேண்டும். இவ்வாறு, ஒருவன் பெற்ற உதவி பலரறியப் பந்தியிலே சொல்லப்படும்.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது, பலியும் ஒழிந்தது, நன்றியோ ஒழியவில்லை. உண்டு திருப்தியடைந்தபின் கர்த்தரை ஸ்தோத்திரிக்கும்படி உபாகமம் 8ஆம் அதிகாரம் இட்ட கட்டளையை யூதர் தம் வீட்டுப் பந்தியிலே காத்துவந்தனர். நன்மை வந்தபோது தேவனை வாழ்த்துவது போலவே தீமை வந்தபோதும் வாழ்த்துதல் கடன் என மிஷ்னா விதித்தது. துக்கச்செய்தி கேட்கும் யூதன் அவரை உண்மையுள்ள நியாயாதிபதி என்று வாழ்த்துகிறான்.

கிறிஸ்தவ சபையும் இவ்வேரினின்றே கிளைத்தது. இயேசுநாதர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரித்தது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலே என்று பவுல் அப்போஸ்தலர் எழுதுகிறார். அவ்விருந்தை ஆதிச்சபையார் கிரேக்க மொழியில் 'யூக்கரிஸ்தியா', அதாவது நன்றியறிதல், என்றே வழங்கினர்.

பிற்காலத்துச் சரித்திரமொன்றும் காண்போம். மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649) என்பார் ஜெர்மனி தேசத்து ஐலன்பர்க் நகரில் போதகராயிருந்தார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1637இல் அந்நகரைக் கொள்ளைநோய் பற்றிற்று. அவர் 4,000 பேருக்கு மேற்பட்டோரை அடக்கம்பண்ணினார் என்பர். அவருடைய மனைவியாரும் அவ்வாண்டிலே மரித்தார். இன்றும் பல தேசத்துச் சபைகள் பாடும் நன்றிப்பாட்டொன்றை அந்த யுத்தகாலத்தில் இயற்றியவர் இவரே. அதற்கு இவர் ஆதாரமாகக் கொண்டது, எருசலேமில் வாழ்ந்த பென் சீராக் என்னும் யூத ஞானி எழுதிய நூலின் 50ஆம் அதிகாரமாகும்.

நன்றியறிதலை இன்பத்தின் பின் தோன்றும் உணர்ச்சியாக மாத்திரம் கொள்வோர், துன்பம் வருங்கால் அதனை இழப்பர். கடனாகவும், பலரோடு பகிர்ந்துண்ணும் பந்தியாகவும் கொண்டோரிடத்திலோ அது நிலைத்து நின்றது. நாம் கல்லூரியிற் பெறும் கல்வியும் அத்தகைய அப்பமேயாம். அதனை நாளைக்கென்று மூடிவையாது, தனித்து உண்ணாது, பெறாதாரோடு இன்றே பகிர்வோமாக.