பொறியியற் கல்வியும் வளங்குன்றா வளர்ச்சியும்

இயற்கையின் ஆற்றலை மனிதனின் பயனுக்குத் திருப்பும் கலையே பொறியியல் என்று சொல்வது வழக்கம். அந்த இயற்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பொறியியற் பாடநூல்கள் தாமதமாகவே ஒப்புக்கொண்டன. 1987-ஆம் ஆண்டில், நார்வே நாட்டின் பிரதமராக இருந்த திருமதி புருண்ட்லாந்து அவர்களின் தலைமையில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. இன்றைய தேவைகளை நிறைவு செய்யும்போது, நாளை வருவோர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுத்துவிடலாகாது என்பதே அதன் சாரம். இதனையே வளங்குன்றா வளர்ச்சி என்கிறோம். கருத்து எளிது. ஆனால் ஒரு பாலத்தையோ பம்புசெட்டையோ வடிவமைக்க உட்காரும் மாணவன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கலைக்கல்லூரி இயற்பியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் விடை இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு வழி திறந்தது நீதிமன்றம். திரு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சுற்றுச்சூழற் கல்வியை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 2003-இல் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் எல்லா இளநிலை வகுப்புகளுக்கும் பொதுவாக 50 விரிவுரைகள் கொண்ட ஒரு பாடத்தை வகுத்தது. நாமும் சுற்றுச்சூழற் கல்வித் தாளை எழுதியவர்கள்தாமே! தேர்வுக்கு முதல் நாள் இரவில் அதைப் படித்து முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதை இங்கு நான் எழுத வேண்டியதில்லை.

பொறியியற் கல்லூரிகளிலும் கதை இதுதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் கட்டாயப் பாடம். ஆனால் அதற்குக் கிரெடிட் கிடையாது. இலையோரத்து ஊறுகாய்போல அது ஒதுங்கி நிற்கிறது. ஓசோன் படலத்தையும் அமில மழையையும் பற்றி அத்தாளில் எழுதிவிட்டு, அடுத்த நாள் கட்டுமான வடிவமைப்புத் தாளில் எத்தனை மூட்டை சிமெண்ட் செலவானாலும் கவலையின்றி விடை எழுதலாம். இரண்டு தாள்களும் ஒன்றையொன்று அறியமாட்டா.

இதற்கு மாறான ஒரு முயற்சியை ஹாலந்து நாட்டில் காண்கிறோம். 1842-இல் தோன்றிய டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, எல்லாப் பொறியியற் பிரிவுகளிலும் வளங்குன்றா வளர்ச்சி இடம்பெற வேண்டும் என்று 1998-இல் முடிவு செய்தது. அனைவருக்கும் ஓர் அறிமுகப் பாடம். விரும்புவோர் இறுதியாண்டில் அதனையே சிறப்புத் துறையாகக் கொள்ளலாம். இவ்விரண்டும் எளிதில் நடந்தேறக்கூடியவை. வழக்கமான பாடங்களுக்குள்ளேயே இக்கருத்தை நெய்துவிடுவது என்னும் வேறோர் ஏற்பாடுதான் கடினமானது. அதற்கு அவர்கள் கையாண்ட வழி என்னைக் கவர்ந்தது. சுற்றறிக்கை அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. பேராசிரியர்களைத் தனித்தனியே சந்தித்து, “உங்கள் துறையில் வளங்குன்றாமை என்றால் என்ன பொருள்?” என்று அவர்களிடமே கேட்டனர். தமக்குத் தெரியாத ஒன்றைப் பிறர் திணிப்பதாக எண்ணும் ஆசிரியர், தாமே விடை தேடத் தொடங்கினால் தம் பாடத்திலேயே இடம் காண்கிறார்.

அத்தகைய இடம் ஒன்றை நமக்குத் தெரிந்த இயற்பியலிலிருந்தே காட்டலாம். குழாயில் ஓடும் நீரின் அளவு மாறாதிருக்க, உராய்வினால் வரும் இழப்பு ஏறக்குறைய உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும். உள்விட்டம் 50 மில்லிமீட்டராக உள்ள குழாய்க்குப் பதில் 63 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால் என்ன ஆகும்? 1.26-இன் ஐந்தாம் அடுக்கு 3.18. எனவே உராய்வு இழப்பு மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். கிணற்றிலிருந்து நீரை மேலே தூக்கும் வேலை குறையாது என்பது உண்மையே. ஆனால் நெடுந்தொலைவு குழாய் ஓடும் தோட்டங்களில் உராய்வு சிறிய தொகையன்று. வழக்கமான தேர்வு வினா குழாயின் விட்டத்தைக் கொடுத்துவிட்டு, “எத்தனை குதிரைத்திறன் மோட்டார் தேவை?” என்று கேட்கிறது. குழாயின் விலையையும் பத்தாண்டு மின்செலவையும் சேர்த்துப் பார்த்து விட்டத்தை மாணவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், அது அதே பாடம்தான், வேறு கல்வி. வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வழங்கும் நம் மாநிலத்தில் அந்த மின்செலவு உழவரின் கணக்கில் வராது. அரசின் கணக்கிலும் நிலக்கரியின் கணக்கிலும் வரும். யாருடைய கணக்கில் வருகிறது என்று கேட்பதும் பொறியாளரின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

கான்கிரீட்டிலும் இவ்வாறே. 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை, அதாவது 400 கிலோ சிமெண்ட் செல்லும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.8 முதல் 0.9 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சுண்ணாம்புக்கல்லே சூளையில் சிதைந்து வாயுவை விடுவதால், எரிபொருளை மாற்றினாலும் இது முழுதும் தீராது. அனல் மின்நிலையச் சாம்பல் 30 விழுக்காடு கலந்த சிமெண்டைப் பயன்படுத்தினால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ வாயு குறையும். வடிவமைப்புக் கணக்கின் கடைசியில் இதற்கென ஒரு வரி சேர்த்தால் போதுமே!

பாடத்திட்டம் ஏற்கனவே நிரம்பி வழிகிறது, இதற்கு நேரம் ஏது என்பர். புதிய தாள் சேர்ப்பதாயின் அது நியாயமான மறுப்பு. மேற்கண்ட கணக்குகளோ புதிய தாளைக் கேட்கவில்லை. பழைய வினாவில் இன்னொரு வரியைத்தான் கேட்கின்றன.

அந்த ஒரு வரியைச் சேர்க்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற என் தமக்கையார் ஒரு பொறியியற் கல்லூரியில் பணிபுரிகிறார். பல கல்லூரிகளில் சுற்றுச்சூழல் தாளை நடத்துவோர் வேதியியல் ஆசிரியர்களே. நம்மைப் போன்ற கலைக்கல்லூரிகளில் படித்தவர்களும் அவர்களுள் உண்டு. நாளை நம்முள் சிலரும் அவ்விடத்தில் நிற்போம். “தண்ணீரின் கடினத்தன்மையை நான் நடத்தலாம். குழாயின் விட்டத்தை நான் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதை மெக்கானிக்கல் சார்தான் கேட்கணும்” என்கிறார் அவர். கேட்டும் பார்த்தார். இயந்திரவியல் ஆசிரியர் ஒருவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, மேலே நான் எழுதிய குழாய்க் கணக்கைத் தம் அகமதிப்பீட்டுத் தேர்வில் கேட்டார். பல்கலைக்கழகத் தேர்வில் அவரால் கேட்க இயலாது. இணைவு பெற்ற கல்லூரியின் ஆசிரியர் பாடத்திட்டத்தில் ஒரு வரியையும் மாற்ற இயலாது. வினாத்தாளும் வெளியிலிருந்து வருகிறது. டெல்ஃப்டில் முடிவு ஆட்சிக்குழுவில் பிறந்து வகுப்பறைக்கு வந்தது. இங்கே வகுப்பறையில் பிறந்தது அகமதிப்பீட்டோடு நின்றுவிடுகிறது. பாடத்திட்டக் குழுக்களில் நம் பேராசிரியர்கள் சிலரும் அமர்கின்றனர். இதனை அங்கே அவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அக்கணக்கைச் சரியாகப் போட்ட மாணவர்களுள் மூவர், விடைத்தாளின் ஓரத்தில் தம் வீட்டுத் தோட்டத்துக் குழாயின் விட்டத்தையும் குறித்திருந்தார்களாம்.