டிஸ்பென்சரி காத்திருக்கட்டும்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,



தான்சானியாவிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இங்கே இருக்கிற வயசான சிஸ்டர்களும் கூடி நின்று கேட்டார்கள். ஏரிக்காற்று இரைச்சலில் பாதி விளங்கவில்லை. விளங்கிய மட்டும் சொல்கிறேன்: சுவாஹிலி வகுப்பில் நடத்துவது தலையில் ஏறவில்லை, நீ வாயைத் திறந்தாலே வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மத்தியானம் சும்மா இருப்பது பொறுக்காமல், பக்கத்து டிஸ்பென்சரியில் போய் உதவட்டுமா என்று மதரிடம் கேட்கப் போகிறாய்.

முதல் இரண்டும் தானாகச் சரியாகும். மூன்றாவதை மட்டும் கேட்காதே.

நீ நர்ஸ். ஒரு வார்டையே கட்டி ஆண்டவள். ஊசி போடவும் கட்டு மாற்றவும் பாஷை எதற்கு என்று உனக்குத் தோன்றும். வேண்டியதில்லைதான்; எனக்கு அதுதான் பயம். பாஷை தெரியாமல் டிஸ்பென்சரிக்குள் நுழைகிற நர்ஸ் முதலில் என்ன சொற்களைப் படிப்பாள்? உட்கார். வாயைத் திற. வரிசையில் நில். நாளைக்கு வா. அத்தனையும் ஏவல். மூன்று மாதத்தில் கடகடவென்று பேசுவாய், தேறிவிட்டோம் என்றும் நினைத்துக்கொள்வாய். ஆனால் உன் வாயில் ஏறியிருப்பது அதட்டுகிற சுவாஹிலி. அதை அப்புறம் மாற்றுவது ரொம்பக் கஷ்டம். கென்யா மலைப்பக்கம் பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் வேலையாட்களிடம் பேசிய அரைகுறை சுவாஹிலிக்குக் கிசெட்லா என்று தனிப் பெயரே உண்டு. வேலை வாங்கவும் திட்டவும் அது போதும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச உதவாது. தான்சானியாவில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு இன்னும் ஏறக்குறைய அப்படியே பேசுகிற நம் ஊர்ச் சிஸ்டர்களை எனக்குத் தெரியும்.

நீ படிக்கிற மகோகோ பள்ளி இருப்பதே இதற்காகத்தான். மேரிநோல் சபையார் முசோமாவுக்கு வந்தது 1946-ல். அறுபதுகளில் ஏரிக்கரையில் இந்த மொழிப் பள்ளியைத் தொடங்கினார்கள். எந்தச் சபையார் ஆனாலும் வரலாம், முதலில் பேசக் கற்றுக்கொண்டு பிறகு வேலைக்குப் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. சோறு போட்டு, கட்டில் போட்டு, 'ஒரு வேலையும் பார்க்காதே, படி' என்று இனி உன் வாழ்நாளில் யாரும் சொல்லப்போவதில்லை. சபையில் நீ பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் இது ராஜ யோகம்.

பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரல் வைத்து எழுதித்தான் தமிழ் படித்தார். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருக்கும்? 1715-ல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. உன்னைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளை விரட்டாமல், கையில் ஒரு பந்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார். வகுப்பில் வாத்தியார் தப்பைப் பொறுத்துக்கொண்டு மேலே போவார். பிள்ளைகள் விடமாட்டார்கள், நீ சரியாகச் சொல்கிற வரைக்கும் சொல்ல வைப்பார்கள்.

இலக்கணத்தைக் கண்டு மிரளாதே. நாம் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். 'அலினிபிகியா' என்று ஒரே சொல். 'எனக்குச் சமைத்துக் கொடுத்தாள்' என்பது முழுதும் அதற்குள் இருக்கிறது. உன்கூடப் படிக்கிற ஐரோப்பியர்களுக்கு இதைப் பிரித்துப் பார்க்கவே ஒரு மாதம் ஆகும். மாட்டுக்குச் சொல்கிற 'ஙோம்பே'யைச் சொல்லவும் அவர்கள் தொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள். ஆத்திசூடி படித்த நமக்கு ங-வில் தொடங்குவது புதுசா? ஆனால் ஒன்று: குறிப்பைத் தமிழில் எழுதி வைக்காதே. நம் எழுத்தில் ப-வுக்கும் த-வுக்கும் க-வுக்கும் இரண்டிரண்டு ஒலி. 'கிடைப்பது' என்பதற்கான சுவாஹிலிச் சொல்லும் 'வாத்து' என்பதற்கான சொல்லும் உன் நோட்டில் ஒரே மாதிரி 'பாத்தா' என்று உட்கார்ந்திருக்கும். வேலை கிடைத்தது என்று சொல்லப் போய் வேலையை வாத்தாக்கிவிடுவாய்.

இன்னொரு வழி, இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இராது. செபமாலையை இன்றைக்கே சுவாஹிலிக்கு மாற்று. 'பாபா யெத்து', 'சலாமு மரியா' இரண்டையும் நெட்டுருப் போடு. பொருள் உனக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு மாலைக்கு 53 அருள்நிறை மந்திரம். நாவு எத்தனை முறை அந்த ஒலிகளில் புரண்டு எழும் என்று பார். ஞாயிறு பூசை இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். பிரசங்கம் ஒரு சொல்லும் புரியாது. பாட்டு வந்ததும் சேர்ந்து பாடு. மேளம் அடிப்பார்கள், பெண்கள் குலவை போடுவார்கள். நம் ஊர்க் குலவைதான், அவர்கள் கிகெலெகெலே என்பார்கள். உனக்குப் போடத் தெரியுமே, போடு. பக்கத்தில் நிற்கிற அம்மா உன்னைத் திரும்பிப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

சந்தைக்குக் கூட்டிப்போகச் சமையல்கார அம்மா 'சா ம்பிலி'க்கு வரச் சொல்ல, நீ மத்தியானம் இரண்டு மணிக்குப் பையும் கையுமாக நின்றதைக் கேட்டு இங்கே எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னது காலை எட்டு மணி. அங்கே பொழுது விடிந்துதான் மணியை எண்ணத் தொடங்குவார்கள். நம் கடிகாரத்து ஏழு அவர்களுக்கு ஒன்று. நம் பெரியவர்களும் சூரியன் எழுந்ததிலிருந்துதானே நாழிகை கணக்குப் பார்த்தார்கள், பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் அப்படித்தானே இருக்கிறது. அவர்கள் சொல்கிற மணியோடு ஆறைக் கூட்டிவிடு, தீர்ந்தது.

'ஜாம்போ' என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிடு. உன்னைவிட மூத்தவர் யாரைக் கண்டாலும் 'ஷிகாமூ' என்று சொல். பிஷப்புக்கும் அதுதான், கேட்டைத் திறந்துவிடுகிற காவல்கார ஐயாவுக்கும் அதுதான். அவர் 'மரஹாபா' என்பார். அதோடு நகர்ந்துவிடாதே. வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, ராத்திரி எப்படிக் கழிந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடித்த பிறகுதான் சாவி எங்கே என்று கேட்க வேண்டும். வேலை கெடுகிறதே என்று உனக்குப் பொறுமை போகும். போகட்டும். வீட்டு வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடு. உள்ளேயிருந்து 'கரிபு' வருகிற வரைக்கும் உள்ளே கால் வைக்காதே.

சாப்பாட்டைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. அதனால் சந்தேகப்படுகிறேன். சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு பெண்பிள்ளை சொம்பும் பேசினுமாக வருவாள். கையை நீட்டினால் தண்ணீர் ஊற்றுவாள். 'நானே ஊற்றிக்கொள்கிறேன்' என்று சொம்பைப் பிடுங்காதே. கையைக் காட்டு, நன்றி சொல். பிறகு உகாலி வரும். வெந்நீரில் மக்காச்சோள மாவைத் தூவி, மரக் கரண்டியால் கிண்டிக் கிண்டி இறுக்கிய வெள்ளைக் களி. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உருட்டி, கட்டை விரலால் நடுவில் ஒரு குழி போடு. அந்தக் குழியில் கீரையையோ குழம்பையோ அள்ளு. வலது கையில் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏரிக்கரையில் டகா என்கிற பொடிமீனை மணலில் பரப்பிக் காயவைத்திருப்பார்களே, பார்த்தாயா? நிலா இல்லாத ராத்திரியில் விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். ஏரி முழுக்க ஊர் ஒன்று மிதக்கிற மாதிரி வெளிச்சம் தெரியும். அந்த மீனைத் தக்காளி போட்டு வறுத்துத் தந்தால் நம் கடற்கரைப் பிள்ளை நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய். சாப்பாட்டு மேசையில் இந்தியச் சிஸ்டர்கள் ஒரு மூலையில் ஊறுகாய் பாட்டிலோடு கூடுவார்கள், மலையாளமும் தமிழும் கலந்து ஓடும். அந்த மூலைக்குத் தினமும் போகாதே. மாதத்துக்கு ஒரு நாள் போதும்.

இனி நான் எழுத நினைத்த முக்கியமான காரியம். கடைத்தெருவில் உன்னைப் பார்த்து 'ம்ஹிண்டி' என்று கூப்பிட்டார்கள், முகத்தில் அடித்த மாதிரி இருந்தது என்றாய். இந்தியாக்காரி என்று சொன்னதற்கு அவ்வளவு வருத்தமா? அங்கே நாம் சரித்திரம் இல்லாதவர்களாகப் போய் இறங்குவதில்லை. 1896-லிருந்து 1901 வரைக்கும் மொம்பாசாவிலிருந்து இந்த ஏரி வரை ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து 30,000 பேருக்கு மேல் கூட்டிப்போனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். 2,000 பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள். குஜராத்திகள் ஊர் ஊராகக் கடை வைத்தார்கள். ஆங்கிலேயன் மேலே, ஆப்பிரிக்கன் கீழே, நடுவில் கல்லாப்பெட்டியோடு இந்தியன் என்றுதான் பல காலம் ஓடியது. அதனால் அந்த ஜனங்களின் மனசில் நீ சிஸ்டர் ஆவதற்கு முன்னால் கடைக்காரர் வீட்டுப் பெண். விலை பேசுவாள், வேலைக்காரியை விரட்டுவாள், வீட்டுக்குள் கூப்பிடமாட்டாள் என்று எதிர்பார்ப்பார்கள். அதைப் பேசித் தீர்க்க முடியாது, பழகித்தான் தீர்க்க வேண்டும்.

கசப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. 1972-ல் உகாண்டாவில் இடி அமீன் இந்தியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னான். பக்கத்தில் தான்சானியாவில் நைரேரே வேறு மாதிரி இருந்தார். 1961-ல், சுதந்திரம் வருகிற நேரத்தில், குடியுரிமையை நிறம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சிலர் கிளம்பியபோது சட்டசபையில் எழுந்து நின்று அதை எதிர்த்தார். இந்திய வம்சாவளியான அமீர் ஜமால் அவருடைய நிதியமைச்சர். நான் அங்கே போனபோது நைரேரேதான் ஜனாதிபதி. அமீனோடு நடந்த உகாண்டா யுத்தம் முடிந்து கடைகளில் சர்க்கரையும் சோப்பும் கிடைக்காத காலம். அவரைத் திட்டாத ஆள் இல்லை, முவாலிமு, அதாவது வாத்தியார், என்று மரியாதையாகச் சொல்லாமல் திட்டிய ஆளும் இல்லை. அவர் பிறந்த பூட்டியாமா முசோமாவிலிருந்து தொலைவில்லை, கல்லறையும் அங்கேதான். பள்ளியில் கூட்டிப்போனால் தவறாமல் போ. ஷேக்ஸ்பியரைச் சுவாஹிலியில் பெயர்த்த ஜனாதிபதி அவர். அந்தப் பாஷையை ஏனோதானோ என்று பேசக் கூடாது என்பது அங்கே அவர் வீட்டைப் பார்த்தால் உனக்கு உறைக்கும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கிற வீட்டில் நிறம் பார்க்கிற ஊரிலிருந்து நீ போயிருக்கிறாய். உன்னையே 'கறுப்பி' என்று கூப்பிட்ட சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த அழுக்கு துறவறத்துக்கு வந்ததாலே போய்விடாது. 'இவங்களுக்கு என்ன தெரியும்', 'நாம சொல்லித்தான் ஆகணும்' என்று மேசையில் தமிழில் பேச்சு வரும், அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில். குரலும் முகமும் எல்லா ஊர்க்காரருக்கும் புரியும். நீ அந்தப் பேச்சில் கலக்காதே, சிரிக்கவும் சிரிக்காதே. மூத்த சிஸ்டர் பேசினாலும் எழுந்து தட்டைக் கழுவப் போய்விடு.

திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா நம் திருச்சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் 1910-ல் எடின்பரோவில் உலகத்து மிஷனரிகள் 1,200 பேர் கூடிய மாநாட்டில் அவர் பேசியதை உன்னைப் போன்ற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி; ஆனால் எங்களுக்கு நண்பர்களாக இருக்க மாட்டேன் என்கிறீர்களே என்பதுதான் அவர் பேச்சின் சாரம். வெள்ளைக்கார மிஷனரி பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடமாட்டார் என்பது அன்றைக்கு நம் ஆட்களுக்கு இருந்த வருத்தம். இன்றைக்கு அந்த மிஷனரியின் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். தான்சானியாவில் ஒரு பெண், பல வருஷம் கழித்து, உன்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார். சிஸ்டர் நல்லா ஊசி போட்டாங்க என்பாளா, சிஸ்டர் எங்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாங்க என்பாளா? எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதை எந்த நர்ஸும் செய்வாள்.

உடம்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொசுவலைக்குள் படு. காய்ச்சல் வந்தால் பயணக் களைப்பு என்று தள்ளாமல் அன்றைக்கே ரத்தம் சோதி. ஏரித் தண்ணீரில் கால் நனைக்காதே, நாணல் ஓரத்தில் நத்தை மூலம் வருகிற பில்ஹார்சியா உண்டு. மற்றபடி ஏரிக்கரையில் நடப்பது நல்லது.

உன் அம்மாவிடம் ராத்திரி தோறும் வீடியோ காலில் பேசாதே. அவள் அழுவாள், நீயும் அழுவாய், மறுநாள் காலை வகுப்பில் தூங்குவாய். ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை போதும். அவளிடம் நானும் சொல்லியிருக்கிறேன், என் மேல் கோபமாக இருக்கிறாள். கொடுத்துவிட்ட பருப்புப்பொடியைப் பூட்டிவைத்துத் தனியாகத் தின்னாமல், சமையல்கார அம்மாவுக்கு ஒரு கரண்டி கொடுத்து, உகாலியோடு எப்படி இருக்கிறது என்று கேள். சுவாஹிலியில் கேள்.

அடுத்த தடவை குரல் அனுப்பாதே, எழுது. பத்து வரி போதும், முழுக்கச் சுவாஹிலியில். எனக்கு இன்னும் மறக்கவில்லை. தப்புக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்புவேன்.

செபத்தில் நினைக்கும்
உன் அத்தை