மண்ணில் நிலைத்த நஞ்சு

பயிரைக் காக்கும்பொருட்டு மனிதன் ஆக்கிய நஞ்சுகள் பல. அவற்றுட் சில, தம் தொழில் முடிந்தபின் வெயிலாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் சிதைந்து மறைகின்றன. வேறு சிலவோ தொழில் முடிந்தும் மறைவதில்லை. இவ்வகைக்கு ஏற்ற உதாரணம் குளோர்டிகோன் என்னும் பூச்சிக்கொல்லி. அதன் வரலாறு இரசாயனம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, மண்ணை நம்பி வாழும் யாவர்க்கும் ஒரு பாடமாகும்.

இதன் மூலக்கூற்றில் 10 கரியணுக்கள் ஒரு கூண்டுபோலப் பிணைந்துள்ளன. அக்கூண்டை 10 குளோரின் அணுக்கள் கவசமெனச் சூழ்ந்திருத்தலின், நுண்ணுயிர்கள் அதனை எளிதில் உடைக்க மாட்டா. நீரில் இது மிகச் சிறிதே கரையும். மண்ணிலுள்ள மட்கிய பொருளையோ இறுகப் பற்றிக்கொள்ளும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வர்ஜீனியா மாகாணத்து ஹோப்வெல் நகரில் இதனைச் செய்யும் ஆலையொன்று இருந்தது. அங்கு உழைத்தோருள் எழுபதுக்கு மேற்பட்டோர் கைந்நடுக்கம், கண்கள் நிலைகொள்ளாது துடித்தல், விந்தணுக் குறைவு முதலியவற்றால் வருந்தினர். 1975-இல் ஆலை மூடப்பட்டது. அதன் கழிவு ஜேம்ஸ் ஆற்றிற் கலந்தமையால் அங்கு விதிக்கப்பட்ட மீன்பிடித் தடை 1988 வரை முற்றும் நீங்கவில்லை.

உலகம் இவ்வெச்சரிக்கையைக் கேட்டது, ஆயினும் கைக்கொள்ளவில்லை. கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுகளில், வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க இந்நஞ்சு 1972 முதல் இடப்பட்டு வந்தது. ஹோப்வெல் துயரத்தின் பின்னரும், 1981-இல் மீண்டும் அனுமதி அளிக்கப்பட்டது. பிரான்சு 1990-இல் இதனைத் தடை செய்தும், அத்தீவுகளில் 1993 வரை விலக்களித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தினின்றும் கூலிகளாய்ச் சென்றோரின் மரபினரும் அத்தீவுகளில் வாழ்கின்றனர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

வாழைப்பழத்தில் இந்நஞ்சு ஏறுவது அரிது. ஆனால் அதே நிலத்திற் பின்னர்ப் பயிரிடப்பெறும் வள்ளி, சேம்பு முதலிய கிழங்குகள் மண்ணினின்றும் அதனை ஏற்கின்றன. மழைநீரால் அரிக்கப்பட்ட மண்ணோடு அது ஆற்றையும் கடலோரத்தையும் அடைந்து, மீனிலும் நண்டிலும் சேர்கின்றது. 2013-2014-இல் நடந்த ஆய்வில், அத்தீவுகளின் வயதுவந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் இது காணப்பட்டது. இதற்கும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென 2010-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2021-இல் பிரெஞ்சு அரசு, பூச்சிக்கொல்லிகளோடு பழகிய விவசாயத் தொழிலாளர்க்கு வரும் அந்நோயைத் தொழில்வழி நோயென ஏற்றது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நம் உடல் இந்நஞ்சைப் பையப் பைய வெளியேற்றவல்லது. உட்கொள்ளுதல் நின்றால், இரத்தத்திலுள்ள அளவு ஏறக்குறைய ஐந்தாறு மாதங்களிற் பாதியாகக் குறையும். மண்ணோ அங்ஙனமன்று. சில எரிமலை மண்களினின்று இது நீங்கப் பல நூற்றாண்டுகள் செல்லுமென 2009-இல் கணித்தனர்; பிந்திய ஆய்வுகள் சில அக்காலத்தைக் குறைத்துரைப்பினும், ஒரு தலைமுறையில் தீர்வதன்று. உடல் விலக்கியதை மண் நாள்தோறும் உணவின் வழியே மீண்டும் ஊட்டுகின்றது. ஆகலின் மருந்தினும் முதன்மையானவை, நிலத்தைச் சோதித்தலும், நஞ்சேறிய மண்ணிற் கிழங்கு நடாமையும், தூய உணவு ஏழைக்கும் எட்டச் செய்தலுமே.

2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குளோர்டிகோனை உலகெங்கும் ஒழிக்கவேண்டிய பொருள்களுட் சேர்த்தது. அதனை இட்டதோ இருபத்தோர் ஆண்டுகள். அதன் கடனை இறுப்போர் அன்று பிறவாதவர். புதியதொரு மருந்தைக் காணும் மாணவர், அது பூச்சியைக் கொல்லுமா என்று மட்டும் வினவாது, கொன்றபின் அஃது எங்கே போகும் என்றும் வினவுவாராக.