மருமகளுக்கு ஒரு கணினி
சிற்றளவிலும் சிறு செலவிலும் அமைக்கும் முறை

மல்லாவியில் வாழும் எம் தங்கையின் மகள், க.பொ.த. உயர்தர வகுப்பிற் கற்கின்றாள். 2013ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற தொழினுட்பப் பிரிவே அவள் தெரிந்துகொண்ட பிரிவு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் அவளுடைய பாடங்களுள் ஒன்று. நீந்தக் கற்பவனுக்குக் குளம் எத்துணை வேண்டுமோ, இப்பாடத்தைக் கற்பவளுக்குக் கணினியும் அத்துணை வேண்டும். வீட்டிலோ கணினி இல்லை. காலபோக நெல்லை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்த தங்கை, எம்மை ஆலோசனை கேட்டாள். அப்பணம் பிழைபட்டுப் போமாயின், மீண்டும் அதனைக் காண வவுனிக்குளத்து நீர் இன்னுமொரு முறை வயலிற் பாய வேண்டும். இதனை உணர்ந்தே யாம் இக்காரியத்திற் கைவைத்தோம். யாம் கண்டறிந்தவற்றை, இத்தகைய மாணவரைத் தம் குடும்பத்தில் உடைய பழைய மாணவர்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் ஆராய வேண்டியது, எதனை வாங்குவது என்பது. பழைய மடிக்கணினி மலிவாகக் கிடைக்கும். ஆயினும் அதில் ஓர் உறுப்புப் பழுதுற்றால் பெரும்பாலும் முழுவதும் முடங்கும். அலுவலகங்களிற் பயன்பட்ட சிறு கணினி நல்லதே. ஆனால் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஓ, இன்டெல் வகையில் எட்டாந் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே, பழையது வாங்குவோர் தலைமுறையை வினவியே வாங்குக. யாம் புதிய உறுப்புக்களை வாங்கி, மருமகளின் கையாலேயே பொருத்துவிக்கத் துணிந்தோம். தான் பொருத்திய பொருளைத் தானே திருத்தவும் அவள் அறிவாள் அன்றோ?

அடுத்தது அளவு. மினி ஐ.டி.எக்ஸ். என்னும் தாய்ப்பலகை 17 சென்ரிமீற்றர்ச் சதுரம், மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். 24.4 சென்ரிமீற்றர்ச் சதுரம். சிறியதே மலிவாயிருக்கும் என எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறு: மிகச் சிறியதற்கே விலை கூடுதல். ஏழு சென்ரிமீற்றர் இடத்தை விட்டுக்கொடுத்துப் பணத்தைக் காத்தோம். சிறு மேசையின் ஓரத்தில் அடங்கும் பெட்டியே எமக்குப் போதுமாயிற்று.

மூன்றாவது புரொசெசர். தனியான வரைகலை அட்டை வாங்காது விடுவதே செலவைச் சுருக்கும் பெருவழி. ஆதலின், படங்காட்டும் ஆற்றலைத் தன்னகத்தே கொண்ட ரைசன் 5 5600ஜி என்பதனைத் தெரிந்தோம். இதற்கு ஆறு கருக்கள். வெப்ப மதிப்பு 65 வாற்று. பெயரின் இறுதியிலுள்ள 'ஜி' என்னும் எழுத்தைக் கவனிக்க. வெறும் 5600 என்பதில் அவ்வாற்றல் இல்லை. அதனை வாங்கி வந்தால் திரை இருண்டே கிடக்கும்.

இவ்வகைப் புரொசெசர், படங்காட்டுவதற்கும் பொது நினைவகத்தையே பயன்படுத்தும். ஆகவே 16 ஜிபி நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காது, 8 ஜிபி கொண்ட இரு துண்டுகளாக வாங்குதல் வேண்டும். இரு வாய்க்கால் வழியே நீர் பாய்ந்தால் வயல் விரைவில் நிறைவது போன்றதே இது. சேமிப்பிற்கு, 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடைய எம்.2 வகை எஸ்.எஸ்.டி. ஒன்று. மின்வழங்கியில் மட்டும் உலோபம் காட்டற்க. பெயரறியா மலிவுப் பொருள் பழுதுற்றால், ஏனைய உறுப்புக்களையும் உடன்கொண்டு போதல் கூடும்.

இனிப் பொருத்தும் முறை. மின்னிணைப்பு இல்லாதபோது, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்குக. நெம்பை உயர்த்தி, புரொசெசரின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைத் தாய்ப்பலகையின் குறியோடு பொருத்தி வைக்க, அழுத்தற்க. அது தானே அமர்ந்தபின் நெம்பைத் தாழ்த்துக. விசிறியின் திருகாணிகளை ஒன்றுவிட்டு ஒன்று, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. நினைவகத் துண்டுகளை இரு முனைகளிலும் 'கிளிக்' என்னும் ஒலி கேட்கும்வரை அழுத்துக. 24 முள் இணைப்பையும், புரொசெசருக்குரிய தனி இணைப்பையும் மறவாது செருகுக.

யாம் எல்லாம் முடித்து ஆளியைப் போட்டோம். விசிறி சுழன்றது; திரையில் ஒன்றுந் தோன்றவில்லை. தங்கையின் முகம் வாடியது. தாய்ப்பலகை பழுது என முடிவுசெய்து, மறுநாள் மாங்குளம் சென்று யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து ஏற யாம் ஆயத்தமானோம். மருமகளோ மின்னிணைப்பை நீக்கி, விளக்கைப் பிடித்து உற்றுநோக்கினாள். "மாமா, இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலாய் நிக்குது" என்றாள். நினைவகத் துண்டொன்றின் ஒரு முனை அமரவில்லை. அதனைப் பொருத்தியவர் யாமே! அவள் அழுத்தினாள், ஒலி கேட்டது, திரை ஒளிர்ந்தது. கற்பித்தவர் தவறிய இடத்தில் கற்றவள் தவறவில்லை.

வன்னி நிலத்துக்குரிய எச்சரிக்கைகள் சில. புழுதி மிகுதியாதலின், பெட்டியைத் தரையில் வையாது மேசைமீது வைத்து, மாதம் ஒருமுறை மென்தூரிகையால் துடைக்க. மின்தடையின்போது கோப்புக்களைச் சேமித்து முறைப்படி அணைப்பதற்குச் சிறியதொரு யூ.பி.எஸ். வேண்டும். இடிமுழக்கம் கேட்டால் மின்செருகியைக் கழற்றுக, யூ.பி.எஸ். உண்டென்று வாளாவிருத்தல் ஆகாது. திரையோடு சேர்த்து ஏறக்குறைய 75 வாற்று எனக் கொண்டால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரப் பயன்பாட்டுக்கு மாதம் 9 அலகு மின்சாரமே செல்லும். லினக்ஸ், லிப்ரே ஒபிஸ் ஆகியன விலையின்றிக் கிடைப்பன; இரண்டிலும் தமிழ் எழுதலாம்.

1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோர் பலரைத் தாங்கிய ஊர் மல்லாவி. பின்னர் அவ்வூர் மக்களும் இடம்பெயர்ந்து, மீண்டு வந்து, வாழ்வைக் கட்டியெழுப்பினர். அங்கே ஒரு சிற்றில்லத்தில் இரவில் ஒரு திரை ஒளிர்கின்றது. அன்பர்களே, பணம் அனுப்புதல் நன்றே. அதனினும் நன்று, ஒரு மாலைப்பொழுது மாணவரோடு அமர்ந்து, திருகாணியை அவர் கையிற் கொடுத்தல்.