வறண்ட ஊரில் பச்சோந்தி: ஓர் இளம் வளர்ப்பாளருக்குக் கடிதம்



வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஊரில் வாழ்பவர்கள், பாலைவனத்தில் வாழும் பச்சோந்தியே தங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று எளிதாக முடிவு கட்டிவிடுகின்றனர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இந்த முடிவு பிழையானது. ஓர் இனம் நண்பகலில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை விட, அதன் தாயகத்தில் இரவு எவ்வளவு குளிரும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும். பச்சோந்தி தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறும் உயிரினம் என்பதால், இரவில் காற்று குளிரும்போது அதன் உடலியக்கமும் தணிந்து, மூச்சின் வழியே வெளியேறும் நீரும் குறைகிறது. இரவிலும் அறை சூடாகவே இருக்குமானால் அந்த ஓய்வு கிடைக்காமல், விலங்கு பகலும் இரவும் நீரை இழந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் கோடைப் பகல் 43 டிகிரி செல்சியஸைக் கடப்பதும், சில இரவுகள் 30 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிற்பதும் வழக்கம். அத்தகைய ஊரில் எந்தப் பச்சோந்தியையும் குளிரூட்டப்பட்ட அறைக்கு வெளியே கோடை முழுவதும் வைத்திருக்க இயலாது.

உண்மையான பாலைவனப் பச்சோந்தி என்று சொல்லத்தக்கது நமாகுவா பச்சோந்தியாகும். நமீபியாவின் மணற்பரப்பிலும் அதை ஒட்டிய தென்னாப்பிரிக்கா, தெற்கு அங்கோலா பகுதிகளிலும் வாழும் இது, மரமேறிகளான தன் உறவினங்களிலிருந்து விலகித் தரையில் ஓடி வண்டுகளைப் பிடித்துண்ணும். காலையில் கருநிறம் கொண்டு வெயிலை உள்வாங்கி, நண்பகலில் வெளிறி அதைத் திருப்பியனுப்பும். மிகுதியான உப்பை மூக்கிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றி நீரைச் சேமிக்கும். தாங்க முடியாத வேளையில் மணலில் குழி தோண்டிப் பதுங்கும். இத்தனை தகவமைப்புகளும் அந்த நிலத்தின் குளிர்ந்த இரவோடும் கடற்பனியோடும் பிணைந்தவையாதலால், கூண்டில் இது பெரும்பாலும் நெடுநாள் நிலைப்பதில்லை. வியந்து பார்க்க வேண்டிய விலங்கு இது. வாங்க வேண்டிய விலங்கு அன்று.

வறண்ட ஊருக்கு ஏற்றது ஏமன் பச்சோந்தியே. ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் இந்த இனத்தின் தலைமீது உயர்ந்து நிற்கும் எலும்பு முகடு இதை எளிதில் அடையாளம் காட்டும். அரேபியாவிலிருந்து வந்தது என்பதற்காக இதைப் பாலைவன உயிரி என்று எண்ணிவிடக் கூடாது. ஏமனின் இப், தயிஸ் நகரங்களைச் சூழ்ந்த மேற்கு மலைச்சரிவுகளும் பசுமையான பள்ளத்தாக்குகளுமே இதன் வாழிடம். அங்கே பகல் உலர்ந்திருந்தாலும் இரவில் மூடுபனி இறங்கி இலைகளை நனைக்கும். உலர்ந்த பகலையும் ஈரமான குளிர் இரவையும் மாறி மாறிக் காண்பதற்கு இது பழகியிருப்பதனாலேயே, வளர்ப்பாளரின் சிறு தவறுகளைப் பிற இனங்களைவிட இது பொறுத்துக்கொள்கிறது. மடகாஸ்கரின் ஈரக் கடலோரத்தைச் சேர்ந்த சிறுத்தைப் பச்சோந்தி நிறத்தால் மயக்கினாலும் அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது. கென்ய மலைச்சாரலின் மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்தியை வெப்ப ஊர்க்காரர் மறந்துவிடுவது நல்லது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செனகல் பச்சோந்தி பெரும்பாலும் காட்டில் பிடிக்கப்பட்டு, ஒட்டுண்ணிகளோடும் களைப்போடும் வந்து சேர்வதால் அந்த மலிவு மலிவே அன்று.

இனத்தைத் தேர்ந்த பின் ஆணா பெண்ணா என்பதைத் தேர வேண்டும். முதல் முறை வளர்ப்பவருக்கு ஆணே தக்கது. பெண் ஏமன் பச்சோந்தி இணை சேராமலேயே முட்டையிடும். மிகுதியாக உணவூட்டப்பட்டால் ஒரே ஈட்டில் 50-க்கும் மேற்பட்ட முட்டைகள் உருவாகி, அவற்றை வெளியேற்ற இயலாமல் இறந்துபோவதும் உண்டு. ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டியும் அளவறிந்த உணவும் தர இயன்றவர் மட்டுமே பெண்ணை ஏற்க வேண்டும். ஆண் குஞ்சின் பின்னங்காலில், குதிகால் இருக்கும் இடத்தில், பொரித்த நாளிலிருந்தே ஒரு சிறு முள் துருத்தி நிற்பதால் விற்பவரின் சொல்லை நம்பியிருக்கத் தேவையில்லை. வளர்ப்பிலேயே பிறந்து, மூன்று நான்கு மாத வயதை எட்டிய குஞ்சாக இருத்தல் நலம். கண்கள் புடைத்தும் தனித்தனியே சுழன்றும் இருக்க வேண்டும். பகலில் கண்மூடிக் கிடப்பது நோயின் குறி, உட்குழிந்த கண் நீரிழப்பின் குறி. கால் எலும்புகள் வளைந்திருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவினால் வரும் எலும்பு நலிவு தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். எச்சத்தின் வெண்பகுதியாகிய யூரேட் ஆரஞ்சு நிறமாக இருந்தாலும் நீர்க்குறைவையே ஐயுற வேண்டும்.

கூண்டைப் பொறுத்தவரை, வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரியும், கூண்டின் பிற பகுதிகளில் 22 முதல் 27 டிகிரியும், இரவில் 20 டிகிரியை ஒட்டியும் வெப்பம் இருக்குமாறு செய்ய வேண்டும். நான்கு புறமும் கம்பிவலையாலான கூண்டு ஈரமான ஊருக்குப் பொருந்துமேயன்றி, வறண்ட ஊரில் ஈரத்தை நொடியில் இழந்துவிடும். ஆகவே மூன்று பக்கங்களை மூடி, அடியிலும் மேலிலும் காற்றோட்டம் விடுவது சிறந்தது. ஏசியின் காற்று நேரே படும் இடத்தில் கூண்டை வைக்கலாகாது. கிண்ணத்து நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் தங்கிய துளிகளையே அது நக்கிக் குடிக்கும் என்பதால், விடியற்காலையில் நீர் தெளித்து, பகலில் உலரவிட வேண்டும். சன்னல் வெயில் போதும் என்ற எண்ணமும் கைவிடத்தக்கது: எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யை உடலில் உண்டாக்கும் புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிட்டு வெப்பத்தை மட்டும் உள்ளே விடும். அதற்கென்றே விற்கப்படும் விளக்கு இன்றியமையாதது.

தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட வலயத்திலும் இயற்கையாகவே ஒரு பச்சோந்தி வாழ்கிறது. வெப்பத்துக்கு அதைவிட ஏற்ற விலங்கு எது என்ற எண்ணம் எவருக்கும் எழலாம். ஆனால் இந்தியாவில் அந்தப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏமன் பச்சோந்தியும் இடம்பெற்றிருப்பதாலும், 2022-இல் திருத்தப்பட்ட அதே சட்டம் அத்தகைய அயல்நாட்டு விலங்குகளைப் பதிவுசெய்யக் கோருவதாலும், இந்தியாவில் வளர்க்க முனைபவர் பிறப்பிடத்தைக் காட்டும் ஆவணமில்லாத குஞ்சை, அது எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.