விலகலும் நெருக்கமும்

நுழையும்முன்
கொள்ளைநோய் உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் தாக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் மக்களின் மனநலம் பட்ட பாட்டையும் அதனைக் காக்கும் வழிகளையும் தென்காசி வட்டார வாழ்வின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

அருவி தனித்திருந்த ஆண்டு
ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் பொழியும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வருவோரால் தென்காசி, இலஞ்சி, இலத்தூர் முதலிய ஊர்களின் சாலைகள் நிறைந்திருக்கும். 2020ஆம் ஆண்டிலும் சாரல் பொழிந்தது. அருவிக்கரையில்தான் மக்கள் இல்லை.

அவ்வாண்டு மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 2019 நவம்பர் 22இல் உருவான தென்காசி மாவட்டத்திற்கு அப்போது நான்கு மாதமே நிறைந்திருந்தது. சாரல் பருவத்தை நம்பிய சிறுகடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பீடி சுற்றும் பெண்கள், புளியரை வழியாகக் கேரளத்திற்கு வேலைக்குச் சென்றுவந்தோர் எனப் பலரின் வருவாய் தடைபட்டது. நோயச்சத்தோடு நாளைய உணவைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

உள்ளத்து உணர்வும் உடலின் குறியும்
உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தொல்காப்பியம். அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. ஆபத்து நேர்கையில் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுந்து உடலை ஆயத்தப்படுத்துகின்றன. ஆபத்து நீங்கியதும் தணிகின்றன. பெருந்தொற்றிலோ ஆபத்து கண்ணுக்குப் புலப்படவில்லை. அது நீங்கும் நாளும் தெரியவில்லை. தணியாத பதற்றம் உறக்கமின்மை, எரிச்சல், கவனச்சிதறல் என வெளிப்பட்டது. இது மனவலிமைக் குறைவன்று. நீண்ட நெருக்கடிக்கு உடல் காட்டும் எதிர்வினை. பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 விழுக்காடு பெருகியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது.

விலகியது எது?
தொற்றைத் தடுக்கத் தேவைப்பட்டது உடல்களுக்கு இடையிலான இடைவெளியே. அதற்குச் 'சமூக விலகல்' என்னும் பெயர் பரவியதால் மனங்களும் விலக வேண்டும் என்ற மயக்கம் ஏற்பட்டது. நோயுற்றோரின் வீடுகளை அயலார் ஒதுக்கினர். ஒதுக்கப்படுவோம் என அஞ்சிச் சிலர் நோயை மறைத்தனர்.

இறப்பு நேர்ந்த வீட்டிற்குச் சென்று ஆறுதல் கூறுவதை நெல்லை வட்டாரத்தில் 'துட்டி கேட்டல்' என்பர். ஊரே வந்து அமர்ந்து பகிர்ந்துகொள்ளும் துயரம் அது. ஊரடங்கு விதிகளின்படி இறுதிச்சடங்கில் 20 பேருக்கு மேல் கூட இயலவில்லை. பகிரப்படாத துயரம் நெஞ்சிலேயே தங்கிற்று.

காக்கும் வழிகள்
உறங்கவும் எழவும் நேரம் வகுத்துக்கொள்ளுதல், செய்திகளை அளவோடு அறிதல், நாள்தோறும் ஒருவரிடமேனும் மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை நெருக்கடியில் உள்ளத்தைத் தாங்கும். சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உறுதிசெய்கிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அருவிக்கரைகளில் கூட்டம் மீண்டும் நிறைந்துவிட்டது. எனினும் அந்நாள்களில் எவரும் வந்து கேளாத துயரம் சில வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். காலந்தாழ்ந்தேனும் அவ்வீடுகளுக்குச் சென்று துட்டி கேட்பது உற்றார் கடன்.